கோட்பாடா, கொள்கையா, தத்துவமா, விதியா? கூட வரும் வினைச்சொல்லைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: ஒரு பாடத்தின் அடிப்படைகளைத் தமிழில் விளக்கி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள், எதைச் சொல்ல வந்தாலும் ‘அடிப்படைக் கோட்பாடு’ என்றே வந்து விழுகிறது. கொள்கை, தத்துவம், விதி, நியதி, அரிச்சுவடி எல்லாம் ஒன்றுதானா, வேறு வேறா? அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகக் கொடுத்துச் சுற்றிவிடுகிறது. எங்கே எதைப் போடுவது?

நான் பல வருடங்களாகப் பாடக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறவன். இந்தத் தடுமாற்றத்தைக் கிட்டத்தட்ட எல்லாக் கையெழுத்துப்படியிலும் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், அகராதி உதவாததற்குக் காரணம் உண்டு. கோட்பாடு, கொள்கை இரண்டுக்கும் தாய் ஒன்றே, ‘கொள்’ என்ற வினை. கொள் + கை கொள்கை. கோள் + பாடு கோட்பாடு. ‘மனதில் கொண்டது’ என்பதுதான் இரண்டுக்கும் வேர்ப்பொருள். அந்தக் ‘கோள்’ எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்: குறியாகக் கொண்டது குறிக்கோள், கருதிக் கொண்டது கருதுகோள், வாதத்துக்கு எடுத்துக் கொண்டது எடுகோள். ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆக, வேரைத் தோண்டி வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது. வேறுபாடு புழக்கத்தில்தான் இருக்கிறது, புழக்கத்தைக் காட்டிக்கொடுப்பது பக்கத்தில் நிற்கும் வினைச்சொல்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கொள்கையை என்ன செய்வோம்? வகுப்போம், கடைப்பிடிப்போம், விட்டுக்கொடுப்போம், கைவிடுவோம். கோட்பாட்டை? முன்வைப்போம், நிறுவுவோம், மறுப்போம். விதியை? அது பொருந்தும், அதற்கு உட்படுவோம், அதை மீறுவோம். தேற்றத்தை நிரூபிப்போம். கருதுகோளைச் சோதிப்போம். ஒரு கருவி ஒரு தத்துவத்தில் இயங்கும். சூத்திரத்தில் எண்களைப் பிரதியிடுவோம். அரிச்சுவடியைக் கற்போம். ‘கோட்பாட்டைக் கடைப்பிடித்தார்’ என்றோ ‘தேற்றத்தைக் கைவிட்டது அரசு’ என்றோ எழுதிப் பாருங்கள், காது ஏற்காது. உங்கள் வாக்கியத்தில் பெயர்ச்சொல்லைத் தற்காலிகமாக அழித்துவிட்டு வினையை மட்டும் வைத்துக்கொண்டால், எந்தப் பெயர்ச்சொல் வேண்டும் என்று வினையே சொல்லிவிடும். நான் திருத்தும்போது செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

சரி, இப்போது ஒவ்வொன்றாக. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் தரப்போவதில்லை. சிக்கல் இருக்கும் இடத்தில்தான் நிற்க வேண்டும்.

விதிக்கும் கொள்கைக்கும் உள்ள வித்தியாசம் சதுரங்கப் பலகையில் பளிச்சென்று தெரியும். குதிரை இரண்டு கட்டம் நேராகவும் ஒரு கட்டம் பக்கவாட்டிலும் போகும், ராஜா வெட்டுப்படும் கட்டத்துக்கு நகரக்கூடாது, இவை விதிகள். மீறினால் அது ஆட்டமே இல்லை, காயைத் திரும்ப எடுத்து வைக்கச் சொல்வார்கள். ஆனால் ‘தொடக்கத்திலேயே நடுக்கட்டங்களைப் பிடி’, ‘குதிரையையும் மந்திரியையும் சீக்கிரம் வெளியே கொண்டு வா’, ‘ராணியை அவசரப்பட்டு இறக்காதே’, இவை கொள்கைகள். இவற்றை மீறினால் யாரும் தடுக்க மாட்டார்கள், தோற்றால் உங்கள் பாடு. கைதேர்ந்தவர்கள் காரணத்தோடு மீறி ஜெயிப்பதும் உண்டு. இந்த இரண்டையும் சேர்த்து ‘சதுரங்கத்தின் அடிப்படை விதிகள்’ என்று ஒரே தலைப்பில் போட்டால், புதிதாகப் படிக்கிறவர் ராணியை மூன்றாவது நகர்த்தலில் இறக்குவது தடை செய்யப்பட்டது என்றுதான் நினைப்பார். சொல் தவறினால் பாடமே தவறிப்போகிறது என்று நான் சொல்வது இதைத்தான்.

இயற்கை அறிவியலில் விதி என்பது இன்னொரு ரகம். அங்கே யாரும் இட்ட கட்டளை இல்லை, இயற்கை அப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துச் சொன்னது. நியூட்டனின் இயக்க விதிகள், கெப்ளரின் விதிகள், ஓம் விதி, மெண்டலின் விதிகள் எல்லாம் இந்த வகை. இதற்கு ‘பொருந்தும்’, ‘உட்படும்’ என்ற வினைகள் வரும். ‘கடைப்பிடிக்கும்’ வரவே வராது, கோள்கள் கெப்ளரைக் கடைப்பிடிப்பதில்லை. விதி என்று வந்தாலே கூடவே விதிவிலக்கு என்ற அருமையான சொல் தமிழில் தயாராக இருக்கிறது. சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளை அந்திமந்தாரையையும் கலந்தால் முதல் தலைமுறையில் இளஞ்சிவப்புப் பூ வருகிறது, ஒரு பண்பு முழுமையாக ஓங்கி நிற்கவில்லை. ஓங்குதன்மை விதிக்கு இது விதிவிலக்கு. பழைய இலக்கண ஆசிரியர்கள் இன்னும் ஒரு படி போய், இயலின் கடைசியில் ‘சொல்லாமல் விட்டதை இப்படிக் கொள்க’ என்று தனியாக ஒரு சூத்திரம் வைத்தார்கள், அதற்குப் புறனடை என்று பெயர். எந்தத் துறையின் அடிப்படைகளை எழுதினாலும் கடைசியில் ஒரு புறனடைப் பத்தி வைப்பது நல்ல பழக்கம் என்பேன்.

விதிமுறை வேறு. அது ஆட்கள் போட்டது: போட்டி விதிமுறை, தேர்வு விதிமுறை. நியதி என்றால் எழுதாமலே நடைமுறையில் இருக்கும் ஒழுங்கு. நெறிமுறை என்றால் இப்படிச் செய்வதே முறை என்ற வழிகாட்டல், கணினித் துறையில் இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும் முறைக்கும் அதே பெயர். இவற்றில் பெரிய குழப்பம் இல்லை.

தத்துவம்தான் பல வேடம் போடும் சொல். வடமொழியில் ‘தத்’ என்றால் ‘அது’, அதன் தன்மை தத்துவம். சைவ சித்தாந்தத்தில் 36 தத்துவங்கள் என்று எண்ணும்போது அது உலகத்தை ஆக்கும் அடிப்படைப் பொருள்களைக் குறிக்கிறது. பேச்சில் ‘தத்துவம் பேசாதே’ என்னும்போது வாழ்க்கை பற்றிய உபதேசம். இயற்பியல் செய்முறை ஏட்டில் ‘நோக்கம், தேவையான கருவிகள், தத்துவம், செய்முறை’ என்று வரும்போது அது வேறு: இந்தக் கருவி எதை நம்பி வேலை செய்கிறது என்பதற்கான விடை. மின்மாற்றியின் தத்துவம் என்ன என்று கேட்டால், பரிமாற்று மின்தூண்டல் என்று சொல்ல வேண்டும். ஒரு சுருளில் மின்னோட்டம் மாறினால், தொடாமலே பக்கத்துச் சுருளில் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. அவ்வளவுதான் அதன் தத்துவம், மீதி எல்லாம் இரும்பு உள்ளகமும் சுற்றுகளின் எண்ணிக்கையும். இந்த மூன்றாவது பொருளில் தத்துவத்துக்கு நிகரான சொல் நம்மிடம் இல்லை என்பது என் கருத்து. ‘எந்தத் தத்துவத்தில் இயங்குகிறது?’ என்பதை ‘எந்தக் கோட்பாட்டில் இயங்குகிறது?’ என்று மாற்றினால் வாக்கியம் உயிர் விட்டுவிடுகிறது. எனவே கருவி, எந்திரம், முறை எதுவானாலும் ‘எதனால் வேலை செய்கிறது’ என்று சொல்ல வரும்போது தயங்காமல் தத்துவம் போடுங்கள். மெய்யறிவுத் துறையைச் சொல்ல வேண்டி வந்தால் மெய்யியல் என்று எழுதிவிடுங்கள், இலங்கையில் அப்படித்தான் வழங்குகிறது, மோதலும் வராது.

இப்போது உங்களைத் துரத்தும் கோட்பாட்டுக்கு வருவோம். கோட்பாடு என்றால் ஒற்றை வாக்கியம் அல்ல. பல உண்மைகளை ஒன்றாகக் கோத்து, ஏன் அப்படி நடக்கிறது என்று விளக்கி, இனி என்ன நடக்கும் என்றும் சொல்லக்கூடிய முழுக் கட்டமைப்பு. சார்பியல் கோட்பாடு, பரிணாமக் கோட்பாடு, பெருவெடிப்புக் கோட்பாடு. இவற்றைக் ‘கொள்கை’ என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது, நிறையப் பாடநூல்களில் பார்க்கலாம், பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் மாற்றிவிடுவேன். காரணம், இன்றைக்குக் கொள்கை என்றதும் மக்கள் மனதில் வருவது கட்சியின் கொள்கை, அரசின் மதுக்கொள்கை, ‘என் கொள்கை எனக்கு, உன் கொள்கை உனக்கு’. 1859-இல் டார்வின் வெளியிட்டதை ‘டார்வினின் கொள்கை’ என்று எழுதினால், ஏதோ அவருடைய சொந்த நம்பிக்கை, பிடித்தால் ஏற்கலாம் என்று ஒலிக்கிறது. புதைபடிவம், உடலமைப்பு, மரபணு என்று அத்தனை சான்றுகள் பின்னால் நிற்கும் ஒன்றுக்கு அந்தத் தொனி அநியாயம். அதே காரணத்துக்காக ‘அது வெறும் தியரிதான்’ என்ற பேச்சுவழக்கையும் கவனிக்க வேண்டும். அங்கே தியரி என்பதற்கு ஊகம் என்று பொருள், கோட்பாடு அல்ல. ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள்.

சார்பியலையே கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தச் சொற்கள் அத்தனையும் மோதிக்கொள்ளும் இடம் அது. 1905-இல் ஐன்ஸ்டீன் சிறப்புச் சார்பியலைத் தொடங்கியது இரண்டே எடுகோள்களிலிருந்து. ஒன்று, சீரான வேகத்தில் நேர்கோட்டில் போகும் எல்லோருக்கும் இயற்பியல் விதிகள் ஒன்றே. இரண்டு, வெற்றிடத்தில் ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்றே. இதில் முதலாவது அவருடையது அல்ல. சீராக மிதக்கும் கப்பலின் மூடிய அறைக்குள் இருப்பவர், கப்பல் போகிறதா நிற்கிறதா என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது என்று 1632-லேயே கலிலியோ எழுதிவிட்டார். ஆங்கிலத்தில் கலிலியோ சொன்னதற்கும் ஐன்ஸ்டீன் கட்டியதற்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது. தமிழில் இரண்டையும் ‘சார்பியல் கோட்பாடு’ என்றே எழுதிவிடுகிறோம். விளைவு, ‘சார்பியல் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டு ஐன்ஸ்டீன் சார்பியல் கோட்பாட்டை உருவாக்கினார்’ என்ற வாக்கியம். இது என் மேசைக்கே வந்திருக்கிறது, எழுதியவர் மேல் தவறே இல்லை, சொல்தான் அவரைக் காலை வாரிவிட்டது. அதை ‘கலிலியோ காலத்திலிருந்தே அறியப்பட்ட சார்பியல் தத்துவத்தை ஓர் எடுகோளாக எடுத்துக்கொண்டு, ஒளியின் வேகம் மாறாது என்ற இன்னொரு எடுகோளையும் சேர்த்து, ஐன்ஸ்டீன் தம் சார்பியல் கோட்பாட்டைக் கட்டினார்’ என்று மாற்றினேன். தத்துவம், எடுகோள், கோட்பாடு மூன்றும் தத்தம் இடத்தில் உட்கார்ந்ததும் வாக்கியம் நீளமானாலும் தெளிந்துவிட்டது.

எடுகோள், கருதுகோள், வெளிப்படை உண்மை. இந்த மூன்றையும் பிரித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கருதுகோள் என்பது சோதிப்பதற்காகவே சொல்வது, சோதனையில் தேறலாம், தோற்கலாம். எடுகோள் என்பது வாதம் தொடங்குவதற்காக நிரூபிக்காமல் எடுத்துக்கொள்வது. வெளிப்படை உண்மை என்பது நிரூபிக்கத் தேவையே இல்லை, பார்த்தாலே தெரிகிறது என்று எல்லோரும் ஒத்துக்கொள்வது; இலங்கைக் கணிதப் பாடத்தில் ‘வெளிப்படையுண்மைகள்’ என்றே அத்தியாயம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த கலைச்சொல். யூக்ளிட் தன் வடிவியல் நூலின் முதல் பகுதியை எப்படி அடுக்கினார் என்று பார்த்தால் போதும்: 23 வரையறைகள், 5 எடுகோள்கள், 5 வெளிப்படை உண்மைகள், அதற்குப் பிறகுதான் தேற்றங்கள். புள்ளி என்றால் என்ன, கோடு என்றால் என்ன என்பது வரையறை. எந்த இரண்டு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைக்கலாம் என்பது எடுகோள். ஒன்றுக்குச் சமமான இரண்டு பொருள்கள் தமக்குள்ளும் சமம் என்பது வெளிப்படை உண்மை. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்பது தேற்றம். நான்குமே ‘வடிவியலின் அடிப்படைகள்’தான், ஆனால் நான்கும் வேலை செய்யும் விதம் வேறு.

எடுகோளுக்கும் வெளிப்படை உண்மைக்கும் இடையில் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு யூக்ளிடின் ஐந்தாவது எடுகோளைத்தான் காட்ட வேண்டும். இணைகோடுகள் பற்றியது அது. வெளிப்படை உண்மைபோலத் தோன்றியதால் இரண்டாயிரம் ஆண்டுகள் அதை நிரூபிக்க முயன்று தோற்றார்கள். கடைசியில் லோபசெவ்ஸ்கி 1829-லும் போயாய் 1832-லும், அந்த எடுகோளை எடுக்காமலே முரண்படாத இன்னொரு வடிவியலைக் கட்டிக் காட்டிவிட்டார்கள். அங்கே முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் இரண்டு செங்கோணத்துக்குக் குறைவாக வரும்! எடுத்துக்கொண்டது என்றால் எடுக்காமலும் இருக்கலாம். அந்த வாய்ப்பு ‘எடுகோள்’ என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அனுமானம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. செய்தியில் அது ‘உத்தேசக் கணிப்பு’. பழைய அளவையியலில் (தர்க்க நூல்களில்) அது புகையைக் கண்டு நெருப்பை அறிவது, அதாவது முறையான உய்த்தறிதல். பாடம் எழுதும்போது உத்தேசத்துக்கு ஊகம், முறையான அறிதலுக்கு உய்த்தறிதல் என்று வைத்துக்கொண்டால் அனுமானத்தைத் தொடவே வேண்டியதில்லை.

அப்புறம், அரிச்சுவடி, ஆனா ஆவன்னா, பாலபாடம். இவை கருத்தின் ஆழத்தைச் சொல்வதில்லை, கற்கும் வரிசையைச் சொல்கின்றன. எது முதலில் கற்பிக்கப்படுகிறதோ அது அரிச்சுவடி. எதன்மேல் மற்றதெல்லாம் நிற்கிறதோ அது அடிப்படை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணிதத்தில் குழந்தை முதலில் ஒன்று, இரண்டு என்று எண்ணக் கற்கிறது. எண் என்றால் என்ன என்று அடித்தளம் போட்டதோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான், எண்ணத் தெரிந்த பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு. எனவே தொடக்கநிலைப் பாடத்துக்கு ‘அடிப்படைக் கோட்பாடுகள்’ என்று தலைப்பு வைப்பது பெரும்பாலும் பொருந்தாது. ‘அறிமுகம்’, ‘தொடக்கப் பாடம்’, ‘அரிச்சுவடி’ இவற்றில் ஒன்று போதும். தொனியையும் பாருங்கள். ‘இசை அரிச்சுவடி’ என்று தலைப்பாக வந்தால் அன்பாக அழைக்கும். ‘அரிச்சுவடிகூடத் தெரியாதவர்’ என்று எதிர்மறையில் வந்தால் திட்டு. ஆனா ஆவன்னாவும் அப்படித்தான், தெரியாததைச் சொல்லவே பெரும்பாலும் வரும். பாலபாடம் மட்டும் இரண்டு பக்கமும் நடுநிலையாக நிற்கும்.

இப்போது ‘அடிப்படை’யே. அடியில் இருக்கும் படை, படை என்றால் அடுக்கு. இலங்கையில் ஓசோன் படை என்பார்கள், அதே படை. கட்டடத்தின் அஸ்திவாரம், அடித்தளம் போன்ற படிமம்தான் இதுவும். நல்ல சொல். ஆனால் மூன்று வேலைகளை ஒரே ஆள்மேல் சுமத்துகிறோம். பெயராக வருகிறது: கணிதத்தின் அடிப்படை. அடையாக வருகிறது: அடிப்படைத் தேவை. அதோடு நிற்காமல் ‘இதன் அடிப்படையில்’ என்று வேற்றுமை உருபு போலவும் வந்து நிற்கிறது. உங்கள் பக்கத்தில் ‘அடிப்படை’ குவிந்து கிடப்பதற்குப் பெரும்பாலும் இந்த மூன்றாவதே காரணம். ‘ஆய்வின் அடிப்படையில் முடிவு செய்தனர்’ என்பதை ‘ஆய்வை வைத்து முடிவு செய்தனர்’ என்று எழுதலாம். ‘விதியின் அடிப்படையில்’ என்பது ‘விதிப்படி’. ‘தரவுகளின் அடிப்படையில்’ என்பது ‘தரவுகளைக் கொண்டு’. இந்த ஒன்றை மட்டும் துடைத்தாலே பக்கம் மூச்சு விடும். அப்படியும் மிஞ்சும் அடையாக வரும் ‘அடிப்படை’க்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்பதை மறக்க வேண்டாம்: அடிப்படைக் கொள்கை, அடிப்படைச் செயல், அடிப்படைத் தேற்றம், அடிப்படைப் பாடம். அடிப்படைவாதம் என்பது மதவெறி சார்ந்த பொருளில் கெட்டிப்பட்டுவிட்டது, அதனால் அடிப்படைகளை வலியுறுத்துகிறவர் என்ற பொருளில் ‘அடிப்படைவாதி’ என்று யாரையும் எழுதிவிடாதீர்கள்.

அடிப்படைக்கு இணையாக நம் இலக்கண மரபில் ஒரு ஜோடி இருப்பதைப் பலர் மறந்துவிட்டார்கள், எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. முதல், சார்பு. உயிர் 12, மெய் 18, ஆக 30 முதலெழுத்துகள். அவற்றைச் சார்ந்து பிறப்பவை சார்பெழுத்துகள். தொல்காப்பியம் மூன்று என்கிறது, நன்னூல் பத்து என்கிறது. நூல்களைக்கூட முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூல் பிரிக்கிறது. ஒரு துறையில் எது தானாக நிற்கிறது, எது அதிலிருந்து வருகிறது என்று சொல்ல இதைவிடக் கச்சிதமான சொற்கள் எங்கே கிடைக்கும்? இயற்பியல் கொஞ்சம் இதைப் பிடித்துக்கொண்டது: நீளம், நிறை, காலம் முதலிய 7 அடிப்படை அளவுகள், அவற்றிலிருந்து பெறப்படும் பரப்பு, வேகம், விசை எல்லாம் வழி அளவுகள். நீங்கள் எழுதும் பாடத்திலும் ‘முதற்கருத்து’, ‘வழிக்கருத்து’ என்று தாராளமாகப் பிரித்து எழுதலாம், படிப்பவருக்கு விளக்கவே தேவைப்படாது.

இலக்கணம் என்ற சொல்லும் இங்கே வேலைக்கு ஆகும். ‘நட்புக்கு இலக்கணம்’ என்னும்போது அது மொழி இலக்கணம் அல்ல, ஒன்று இன்னதாக இருக்க எவையெல்லாம் அமைந்திருக்க வேண்டும் என்பது. வரையறைக்கு இலங்கையில் வழங்கும் ‘வரைவிலக்கணம்’ அங்கிருந்து வந்ததே. எள்ளிலிருந்து எண்ணெய் எடுப்பதுபோல இலக்கியத்திலிருந்து இலக்கணம் எடுக்கப்படுகிறது என்று பழைய வாக்கு ஒன்று உண்டு. ஒளிப்படக் கலை, சமையல், உரைநடை போன்ற பயிற்சித் துறைகளில், செய்து பார்த்துக் கண்டெடுத்த ஒழுங்குகளைச் சொல்ல இலக்கணம் மிகப் பொருத்தம். அங்கே போய்க் கோட்பாடு என்றால் யாரோ நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தது போல ஆகிவிடும்.

சூத்திரம், வாய்பாடு இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய உருவத்தைச் சின்னக் கண்ணாடி காட்டுவதுபோலச் சில எழுத்துகளில் பல பொருளைச் செறித்துக் காட்டுவது சூத்திரம் என்பது நன்னூல் சொல்லும் இலக்கணம். வட்டத்தின் பரப்புக்கு மூன்று எழுத்தில் எழுதும் கணக்குச் சூத்திரத்துக்கும் அது அப்படியே பொருந்துகிறது. வாய்பாடு வாயால் சொல்லி மனதில் ஏற்றுவது: பெருக்கல் வாய்பாடு, யாப்பில் தேமா புளிமா. தமிழ்நாட்டில் மூலக்கூறு வாய்ப்பாடு என்பதை இலங்கையில் மூலக்கூற்றுச் சூத்திரம் என்பார்கள், இரண்டும் சரி, ஒரே கட்டுரையில் கலக்காமல் இருந்தால் போதும்.

ஆதாரம் என்ற சொல் ஒரு காலத்தில் அடிப்படை என்ற பொருளில் ஓடியது. 1937-இல் வார்தாவில் காந்தி முன்வைத்த கல்வித் திட்டத்தைத் தமிழில் ‘ஆதாரக் கல்வி’ என்றுதான் சொன்னார்கள். இன்று ஆதாரம் என்றால் சான்று. ‘இந்தத் துறைக்கு ஆதாரமான கருத்து’ என்று எழுதினால் இன்றைய வாசகர் தடுமாறுவார், எனவே வேண்டாம். ஆணிவேர், அச்சாணி, உயிர்நாடி, முதுகெலும்பு போன்ற உருவகங்களை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஆணிவேர் ஊட்டித் தாங்கும், அச்சாணி சிறியதாக இருந்தும் இல்லாவிட்டால் தேர் சாயும், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ‘ஆணிவேர் மீது கட்டப்பட்டது’ என்று வந்துவிடக் கூடாது.

இதை எல்லாம் ஒரு பத்தியில் வைத்துக் காட்டுகிறேன். நான் அடிக்கடி சந்திக்கும் வகை எழுத்து இது: ‘மின்னியலின் அடிப்படைக் கோட்பாடுகளை அறிவது அடிப்படைத் தேவையாகும். மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை ஆகியவை இதன் அடிப்படைக் கோட்பாடுகள். இவற்றுக்கு இடையிலான அடிப்படைக் கோட்பாட்டை ஓம் கண்டறிந்தார். இதன் அடிப்படையில் மின்சுற்றுகள் அமைக்கப்படுகின்றன.’ நாலு வாக்கியம், ஐந்து அடிப்படை, மூன்று கோட்பாடு. இதில் மின்னோட்டம் கோட்பாடே அல்ல. அதை யாரும் முன்வைக்கவும் இல்லை, மறுக்கவும் முடியாது. அது ஒரு கருத்துரு (ஒன்றை இன்னது என்று மனதில் பிடித்துக்கொள்ளும் எண்ணம்), இலங்கையில் எண்ணக்கரு, அளக்கலாம் என்பதால் ஓர் அளவும்கூட. ஓம் கண்டது விதி. மாற்றி எழுதினால் இப்படி வரும்:

‘மின்னியலுக்குள் நுழைய முதலில் மூன்று கருத்துருக்கள் பிடிபட வேண்டும்: மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை. இவற்றை இணைக்கும் விதியை 1827-இல் ஓம் வெளியிட்டார். வெப்பநிலை மாறாதவரை, ஒரு கடத்தியில் பாயும் மின்னோட்டம் அதன் முனைகளுக்கு இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் இருக்கும். சாதாரண மின்சுற்றில் எந்தத் தடையைப் போடுவது என்று கணக்கிட இந்த விதியே போதும். டையோடு போன்ற சில பொருள்கள் இதற்கு உட்படுவதில்லை.’

கோட்பாடு என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. கடைசி வாக்கியம்தான் நான் சொன்ன புறனடை.

பெயரோடு ஒட்டிப் போனவற்றை மட்டும் பிரிக்காதீர்கள். ஆர்க்கிமிடிஸ் தத்துவம், பாஸ்கல் விதி, பிதாகரஸ் தேற்றம், லீ சாட்லியர் தத்துவம், இவை தலைமுறைகளாகப் படித்துப் பழகிய பெயர்கள். ஆர்க்கிமிடிஸ் சொன்னது விதிதானே, பாஸ்கல் சொன்னது ஏன் தத்துவம் ஆகவில்லை என்று கேட்டால், மொழிபெயர்த்த காலத்தில் மூலத்தில் இருந்த சொல்லைப் பார்த்துப் போட்டது அப்படியே நிலைத்துவிட்டது என்பதைத் தாண்டி அதில் தர்க்கம் தேட வேண்டியதில்லை. மாணவர் தேர்விலும் அகராதியிலும் தேடுவது அந்தப் பெயரைத்தான்.

உங்கள் கட்டுரைக்கு இப்போதைக்கு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். ‘கோட்பாடு’ வரும் இடங்களை எல்லாம் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘முன்வைத்தார்’, ‘பொருந்தும்’, ‘கடைப்பிடிக்க வேண்டும்’, ‘நிரூபிக்கலாம்’, ‘எடுத்துக்கொள்வோம்’, ‘இதில் இயங்குகிறது’ ஆகிய ஆறையும் வைத்துப் பாருங்கள். எது ஒட்டுகிறதோ அதற்குரிய பெயரை எழுதுங்கள். எதுவுமே ஒட்டவில்லை என்றால் அங்கே கருத்துருவோ வரையறையோ இருக்கும், அல்லது அந்த வாக்கியமே தேவைப்படாமல் இருக்கும்.